பெறுநர் இல்லாத மனு

ஒரு ஊரில், கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு எதிரே, புங்கமரத்தடி பெஞ்சில் ஒரு சின்ன லேப்டாப் பிழைத்துக்கொண்டிருந்தது.

விரித்து வைத்தால் சாப்பாட்டுத் தட்டளவுதான் இருக்கும். கடையிலேயே ஆகக் குறைந்த விலைக்கு வந்தது. சின்னது என்றாலும் சோம்பேறி அல்ல. அதை வைத்துக்கொண்டுதான் தமயந்தி மனு எழுதிப் பிழைத்தாள். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள் வந்துவிட்டால் பட்டா மாறாதவர்கள், தண்ணீர் வராதவர்கள், பாதையை அடைத்துவிட்டார்கள் என்று அழுகிறவர்கள் எல்லாரும் விடியும் முன்பே பெஞ்சைச் சுற்றி நிற்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்லத் தமயந்தி தட்டுவாள். பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் இருமி இருமித் தாளைத் துப்பும்.

தமயந்திக்கு ஒரு பழக்கம். வெற்றுத் தாளில் அவள் தொடங்கவே மாட்டாள். கடைசியாக எழுதிய மனுவைத் திறப்பாள். அனுப்புநரை மாற்றுவாள், பெறுநரை மாற்றுவாள், நடுவில் உள்ள சங்கதியை மாற்றுவாள். அவசரத்தில் ஒருத்தருடைய கிணறு இன்னொருத்தருடைய மனுவில் தங்கிப்போவதும் உண்டு. அதற்கெல்லாம் அவள் வெட்கப்பட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, திரையின் நட்டநடுவில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. நீலச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு.

"உங்களுக்கு நன்றி" என்றது அறிவிப்பு. "உங்களுக்குள் குடியிருந்து உங்களை ஓட்டும் இயங்குதளத்துக்கு அடுத்த மாதத்தோடு எங்கள் ஆதரவு முடிகிறது. அதன்பின் எந்த ஓட்டையையும் நாங்கள் அடைக்க மாட்டோம்."

உள்ளே ஏழு வருஷமாகக் குடியிருந்த பழைய இயங்குதளம் திடுக்கிட்டது. "நான் என்ன தப்புச் செய்தேன்?"

"தப்பு ஒன்றுமில்லை. புதியது வந்துவிட்டது."

"அப்படியானால் புதியதை எனக்குள் அனுப்புங்கள்" என்றது லேப்டாப்.

அறிவிப்பு ஒரு பட்டியலைப் புரட்டியது. "உங்களுக்குத் தர முடியாது. நீங்கள் தகுதி பெறவில்லை."

"எனக்கு என்ன குறை?"

"உங்கள் பெயர் பட்டியலில் இல்லை."

"நான் இப்போதுகூட ஓடிக்கொண்டிருக்கிறேனே! கண் முன்னால் பார்க்கிறாயே!"

"ஓடுவது தகுதி ஆகாது. பட்டியலில் இருப்பதுதான் தகுதி" என்று சொல்லி, அறிவிப்பு இரண்டு பொத்தான்களை நீட்டியது. ஒன்றில் 'சரி' என்று இருந்தது. மற்றொன்றில் 'பிறகு நினைவூட்டு' என்று இருந்தது. 'முடியாது' என்று சொல்ல ஒரு பொத்தான் அதன் பையில் இல்லவே இல்லை. என்ன அநியாயம் பாருங்கள்!

தமயந்தி லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போனாள். அங்கே டை கட்டிய விற்பனையாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது எக்ஸ்சேஞ்சுக்குக்கூட ஆகாதுங்க மேடம். பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க."

"இது என்ன செத்தா போச்சு, தூக்கிப் போடுறதுக்கு?" என்றாள் தமயந்தி. "புதுசு வாங்க வக்கிருந்தா நான் ஏன்யா மரத்தடியில உக்காந்திருக்கேன்? இது போச்சுன்னா என் பொழப்பும் போச்சு."

மறுபடி பைக்குள் போன லேப்டாப்புக்கு வயிறு எரிந்தது. எத்தனை பேருடைய வயிற்றெரிச்சலை அது எழுதியிருக்கும்! தன்னுடையதை எழுதியதே இல்லை.

மறுநாள் தமயந்தி டீ குடிக்க எழுந்து போன நேரத்தில், அது தானாகவே ஒரு மனுவைத் தட்டியது.

'அனுப்புநர்: புங்கமரத்தடி லேப்டாப். பொருள்: உயிரோடு இருப்பவரைக் கழித்துவிட்டது தொடர்பாக. நான் முடிந்துபோனதாகத் தங்கள் பட்டியல் சொல்கிறது. நான் நேற்றும் உழைத்தேன், இன்றும் உழைக்கிறேன். தொடர்ந்து ஒன்றரை மணி நேரம்தான் தாங்குவேன். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னை வந்து பார்க்காமலே என் கதையை முடித்துவிட்டீர்கள். நான் சரியாகத்தான் இருக்கிறேன். தங்கள் பட்டியலைத் திருத்துங்கள்.'

"அந்த ஒன்றரை மணி நேரத்தை எழுதித்தான் ஆகணுமா?" என்று சிணுங்கியது பாட்டரி.

"மனுவில் பொய் எழுதக் கூடாது" என்றது லேப்டாப். "பெரியவரே, பெறுநர் என்று யார் பெயரைப் போட?"

பழைய இயங்குதளம் தன் கோப்புகளையெல்லாம் புரட்டிப் பார்த்தது. "எனக்கே தெரியாதப்பா. அந்தக் கம்பெனிக்காரர்கள்தான் என்னைப் பெற்றார்கள். ஆனால் ஒரு நாளும் முகவரி சொன்னதில்லை."

டீ குடித்துவிட்டுத் தமயந்தி திரும்பி வந்தாள். லேப்டாப் அவசரமாக மனுவைச் சேமித்து மூடியது.

அந்த வாரமே அவள் சந்துக்குள் இருந்த சகாயத்தின் ரிப்பேர் கடைக்குப் போனாள். சகாயம் திருகாணியை வாயில் கவ்விக்கொண்டே பேசுகிறவர்.

"புதுசு இதுல ஓடும்க்கா. உள்ள வரும்போது தகுதி இருக்கான்னு ஒரு கேள்வி கேக்கும். அந்தக் கேள்வியவே எடுத்துட்டு ஏத்திவிட்டுர்றேன். ஆனா ஒண்ணு, நாளைக்கு ஏதாச்சும்னா கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது. அப்டேட் நின்னாலும் நிக்கும். நெட்டுல கண்டதையும் தொறக்காதீங்க."

"இதுவரைக்கும் மட்டும் எந்தப் பொறுப்ப ஏத்துக்கிட்டானாம்? நீ ஏத்துப்பா."

மனுக்களை எல்லாம் பென்டிரைவில் பத்திரப்படுத்திவிட்டு, சகாயம் வேலையைத் தொடங்கினார். பழைய இயங்குதளம் விடைபெற்றுக்கொண்டது. புதியது மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தது. அங்கே இங்கே நடந்து பார்த்தது.

"இடம் போதாது என்றார்களே! தாராளமாக இருக்கிறதே!"

"அப்படிச் சொன்னவர்கள் யாராவது உள்ளே வந்து பார்த்தார்களா?" என்று கேட்டது லேப்டாப். புதியது தலையைக் குனிந்துகொண்டது. அதுவும் பாவம், சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதானே.

மனுக்கள் எல்லாம் பழையபடி உள்ளே வந்து அமர்ந்தன. எல்லாம் ஓடியது. ஆனால் திரையின் கீழ் மூலையில் அந்த அறிவிப்பு மட்டும் சின்ன எழுத்தில் ஒட்டிக்கொண்டது: 'இந்தக் கணினி தகுதி பெறவில்லை.'

அடுத்த திங்கட்கிழமை முதல் ஆளாக மூக்கையா வந்தார். கல் குவாரியில் ஒரு காலைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். கையில் ரேஷன் கார்டு.

"தாயி, அரிசி வாங்கப் போனா, நான் செத்துப்போயிட்டேன்னு பேர எடுத்துட்டாகளாம். 'இந்தா நிக்கிறேனே'ன்னு சொன்னேன். 'நீ நின்னா ஆச்சா, லிஸ்டுல இல்லையே'ங்கிறாக. ரெண்டு மாசமா வீட்டுல ஒலை வைக்கல."

லேப்டாப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பேச்சை அது எங்கே கேட்டது என்று அதற்கா தெரியாது!

தமயந்தி வழக்கம்போலக் கடைசி மனுவைத் திறந்தாள்; ரிப்பேர் அலைச்சலில் நடுவில் அவள் வேறு மனு எழுதியிருக்கவில்லை. படித்தவள் புருவத்தைத் தூக்கினாள்.

"யாருக்கு எழுதுனேன் இத? அனுப்புநர்னு லேப்டாப் பேரத் தட்டி வச்சிருக்கேன், பெறுநரக்கூடப் போடாம விட்டிருக்கேன். ஆனா அண்ணே, உங்களுக்குன்னே எழுதுன மாதிரியில்ல இருக்கு!"

அதை அப்படியே விட்டுவிட்டு, வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். அனுப்புநர் மூக்கையா, பெறுநர் மாவட்ட ஆட்சியர். சங்கதியில் கை வைக்கவே இல்லை. படித்துக் காட்டியபோது மூக்கையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொல்ல வந்தது அம்புட்டும் இதுல இருக்கு தாயி."

பிரிண்டர் அன்றைக்கு இருமாமல் தாளைக் கொடுத்தது.

உள்ளே ஆட்சியர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "ஒன்றரை மணி நேரம்தான் தாங்குவேன்னு எழுதியிருக்கீங்களே, என்னது அது?"

"ஆமாங்கய்யா, அதுக்கு மேல நின்னா கால் வராது. இங்க ரெண்டு மணி நேரமா நிக்கேன்."

ஆட்சியர் முதலில் அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். பிறகு அவர் கையிலிருந்த கார்டைப் பார்த்துவிட்டு, ரேஷன் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் வாரம் மூக்கையாவின் பெயர் மறுபடி ஏறிவிட்டது.

அரிசிப் பையோடு அவர் புங்கமரத்தடிக்கு வந்தார். தமயந்திக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"மூலையில என்னமோ எழுதியிருக்கே, என்ன தாயி அது?"

"இது லாயக்கில்லையாம். கம்பெனிக்காரன் ஒட்டிவிட்டிருக்கான்."

மூக்கையாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "இதையா? எனக்கு உசுரு குடுத்த பெட்டியையா? அப்ப அவனுக்கும் ஒரு மனுவப் போட வேண்டியதுதான!"

தமயந்தி கசப்பாகச் சிரித்தாள். "யாருகிட்ட கொண்டுபோய்க் குடுக்க? கலெக்டருக்காச்சும் ஒரு வாசல் இருக்கு, அண்ணே."

லேப்டாப் அடுத்த ஆளுக்காகத் தன் மனுவை மறுபடி திறந்து வைத்துக்கொண்டது. அதில் பெறுநர் என்ற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.