அமல்தாஸ் கையின் ஏற்றமும் வற்றமும்

அரையிறுதியில் எங்கள் விக்கெட் கீப்பர் அமல்தாஸ் விட்ட கேட்சை அணியில் ஒருவரும் மன்னிக்கவில்லை. பந்து மட்டையில் உரசி, தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போல வந்தது. அவர் கையைத் தூக்கியபோது அது பவுண்டரியைத் தாண்டிவிட்டிருந்தது. எப்படியோ ஜெயித்துவிட்டோம். கேட்சை விட்டவர், ஆடுகளத்தில் விரித்த கயிற்றுப் பாயைச் சுருட்டித் தோளில் சுமந்துபோய்க் கொட்டகையில் போட வேண்டும் என்பது எங்கள் தூத்துக்குடி அணியின் சட்டம். அமல்தாஸ் பாயைச் சுருட்டவில்லை. அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்கு ஃபைனல்ல செல்வின்தான் கீப்பர்," என்றான் கேப்டன் கிளாட்வின்.

அணி தொடங்கிய நாளிலிருந்து கீப்பர் கையுறையை அமல்தாஸ் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"அவசரப்படாதல. மனுசன் கை கடல் மாதிரி. ஏற்றமும் உண்டு, வற்றமும் உண்டு. காலையில மந்தம், சாப்பிட்டா அசதி, சாயங்காலம் சுறுசுறுப்பு. இன்னைக்கு மேட்ச் மத்தியானம், எனக்கு வற்றம். நாளைக்கு சாயங்காலம்லா?"

இதுவரை அவர் சொன்னது சரிதான். ஒரே மனிதனின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதைப் படித்தவர்களும் மறுக்க மாட்டார்கள். ஆனால் உண்மையின்மேல் நெடுநேரம் நின்றால் அமல்தாஸுக்குக் கால் வலிக்கும்.

"என் ஏற்றத்தை நீங்க பாத்ததில்ல. போன தை மாசம் ஒரு சாயங்காலம் கொசு ஒண்ணு பறந்து வந்துச்சு. சிறகைப் பிடிச்சேன். இடது சிறகை மட்டும்."

"வலதை ஏன் விட்டீங்க?" என்றான் பந்துவீச்சாளன் மாரிச்செல்வம்.

"அது வீட்டுக்குப் போக வேண்டாமால?"

யாரோ சிரித்தார்கள். அமல்தாஸுக்கு அது போதும்.

"மறுநாள் ஏற்றம் இன்னும் கூடிப்போச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிட்டுக் கடைக்குக் கிளம்பிட்டேன். கண்ணாடியில இருந்தவன் அப்பதான் சீப்பைத் தேடுதான்."

"யாரு பாத்தா?"

"உங்க மதினி பாத்தா. அவனுக்குத்தான் காப்பி குடுத்திருக்கா. எனக்கு இல்லன்னுட்டா."

"சரி, கிரிக்கெட்டுக்கு வாங்கண்ணே."

"வாரேன். உச்ச ஏற்றத்துல ஒரு மேட்ச். கேட்சைப் பிடிச்சு அப்பீல் பண்ணிட்டேன். அம்பயர் விரலைத் தூக்கிட்டாரு. பேட்ஸ்மேன் பாதி தூரம் போயிட்டான். அப்புறந்தான் பவுலர் ஓடிவந்து பந்தைப் போட்டான்."

"அப்போ உங்க கையில இருந்தது?"

"பந்து."

"பவுலர் கையில?"

"அதே பந்துதாம்ல. நான் கொஞ்சம் முந்திப் பிடிச்சுட்டேன், அவ்வளவுதான்."

கிளாட்வின் மேற்கே பார்த்தான். உப்பளங்களுக்கு மேல் வெயில் மஞ்சளாகியிருந்தது.

"அண்ணே, இப்ப சாயங்காலந்தானே?"

"ஆமா."

"கையில?"

"ஏற்றம்! பொங்கிக்கிட்டு நிக்கி."

கிளாட்வின் பந்தை எடுத்து, கைக்குழந்தைக்குப் போடுவது போல மெல்ல வீசினான். அது அமல்தாஸின் மார்பில் பட்டு, பாயில் விழுந்து உருண்டு, மாரிச்செல்வத்தின் காலடியில் நின்றது. அதன் பிறகு அமல்தாஸின் இரு கைகளும் படீரென்று மூடிக்கொண்டன.

மூடிய கைகளை அமல்தாஸ் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தார்.

"பாத்தீங்களால? இது இந்தப் பந்துக்கு இல்ல. நாளைக்கு ஃபைனல்ல எனக்கு வரப்போற கேட்சு. இப்பவே பிடிச்சுட்டேன்."

கிளாட்வின் கையுறையை எடுத்துச் செல்வினிடம் கொடுத்தான்.

"ரொம்ப சந்தோசம்ணே. அப்போ நாளைக்கு உள்ள வேலையும் முடிஞ்சுபோச்சு. எந்திரிங்க, பாயைச் சுருட்டுங்க."