பதினெட்டு மொட்டைத் தலைகள்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு நாற்பத்தைந்து. குரு சீடரை "அண்ணா" என்பார். சீடர் குருவை "ஆசானே" என்பார். கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு வருஷத்தில் கேலி கழன்றுபோய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. கோவை காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை ஒன்றின் மாடியில் உட்கார்ந்து, ஒரு வார இதழுக்கு நாலு கட்டக் கார்ட்டூன் வரைகிறவர். வீடியோ கேமையும் அதைச் செய்து விற்கிறவர்களையும் கிண்டல் செய்கிற கார்ட்டூன். நாயகன் பெயர் அங்குச்சாமி. ஏதோ ஒரு சண்டை கேமில் முதல் திருப்பத்தில் நிற்கும் காவலாளி. விளையாட வருகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் சுடுவது அவனைத்தான். ஒவ்வொரு வாரமும் நாலாவது கட்டத்தில் செத்துப்போவான். அடுத்த வாரம் டிபன் கேரியரோடு வேலைக்கு வந்துவிடுவான்.

அவன் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும். புதுச் செருப்பு எப்போது வாங்கித் தருவீர்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். கேம் கம்பெனி முதலாளியும் அதில் வருவார். கட்டத்துக்கு வெளியிலிருந்து நீளும் ஒரு விரலாக மட்டும்.

சீடர் வைரவன் அப்படி ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் டெஸ்டராக இருந்தவர். கேம் வெளிவருவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலை. விளையாடுவதற்குச் சம்பளமா, கொடுத்துவைத்தவர் என்று சொந்தக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்த வேலை என்னவென்றால், கேமில் வரும் ஆளை ஊரின் ஒவ்வொரு சுவரிலும் மோதவிட்டு, சுவர் தாங்குகிறதா, ஆள் உள்ளே புகுந்துவிடுகிறானா என்று பார்ப்பது. பக்கத்து நாற்காலி சாகுல் ஹமீது ஒரு மாதம் முழுக்க ஒரே கிணற்றைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் செய்த கேம் பெரிய வெற்றி. அதன் முடிவில் உழைத்தவர்கள் பெயரெல்லாம் திரையில் ஓடியது. முதலாளி வீட்டு நாய்க்குட்டியின் பெயர்கூட ஓடியது. டெஸ்டர்கள் பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து "மற்றும் குழுவினர்" என்று ஒரு வரி. வைரவன் மேசையைத் தட்டிவிட்டு வெளியே வந்தார். வந்த கோபத்தோடு நேராக மங்கையர்க்கரசியின் மாடிப்படி ஏறி, கார்ட்டூன் கற்றுக்கொடுங்கள் என்றார்.

அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம்தான் அவருடைய முதல் கார்ட்டூன் இதழில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வைரவன் இதழைச் சுருட்டிப் பிடித்தபடி மூச்சு வாங்க மாடியேறினார்.

"ஆசானே, என் கார்ட்டூன் ஜெயிச்சிருச்சா, தோத்துருச்சா? எனக்குப் புரியலை."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அதுதான் புரியலை."

குரு தூரிகையைக் கீழே வைத்தார்.

வைரவனின் கார்ட்டூன் இதுதான். முதல் கட்டத்தில் முதலாளி மார்தட்டுகிறார்: "எங்க புது கேம்ல ஆயிரம் பேர் வாழ்கிற ஊர் இருக்கு!" இரண்டாவதில் விளையாடுகிறவன் அந்த ஊருக்குள் போகிறான். ஆயிரம் பேருக்கும் ஒரே முகம். மூன்றாவதில் அவன் ஏன் என்று கேட்க, "வேற முகம் வேணும்னா தனியா காசு கட்டணும்" என்கிறார் முதலாளி. நாலாவதில் முதலாளி பின்னால் கை காட்டுகிறார்: "இதை ராப்பகலா உழைச்சு செஞ்சவங்க எங்க பசங்க!" அங்கே பதினெட்டு டெஸ்டர்கள். பதினெட்டும் ஒரே மொட்டைத் தலை.

"யாரு சிரிச்சாங்க?" என்றார் குரு.

"முதலாளி. விழுந்து விழுந்து சிரிச்சாராம். போன் பண்ணி, 'என்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்க வைரவன், மச்சத்தைக்கூட விடலையே'ங்கிறாரு. படத்தைப் பெருசாக்கி, சட்டம் போட்டு, கேண்டீன்ல மாட்டிட்டாரு."

"யாரு சிரிக்கலை?"

"சாகுல்." வைரவன் சுருட்டிய இதழைப் பிரித்தார். "ஆறு நாளா போனை எடுக்க மாட்டேங்கிறான். பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லை. எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதன் ஆசானே அவன். நான் அடிச்சது முதலாளியை. அவரு சிரிக்கிறாரு. வலி இவனுக்கு. அடி எங்கே மாறிப் போச்சு?"

வைரவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு குழப்பம். அந்தப் பதினெட்டுத் தலையைத்தான் வாசகர்கள் கொண்டாடுறாங்க. கேம்ல மட்டும் இல்லை, கம்பெனிக்குள்ளேயும் எல்லாருக்கும் ஒரே முகம்தான், என்ன ஒரு நையாண்டின்னு எழுதுறாங்க. நான் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. நேரமாயிருச்சு, கை வலிச்சுது. ஒரு தலையை வரைஞ்சு பதினேழு நகல் எடுத்து ஒட்டினேன். இப்ப அது தப்பா, நையாண்டியா?"

"பாராட்டை வாங்கிக்கிட்டீங்களா?"

வைரவன் ஜன்னலைப் பார்த்தார். "வாங்கிக்கிட்டேன்."

"ம்."

"எடிட்டர் இனிமே வாரா வாரம் மொட்டைத் தலை வேணும்ங்கிறாரு. வியாழக்கிழமைக்குள்ள அடுத்தது கொடுக்கணும். இல்லேன்னா அந்த இடத்தை ராசிபலனுக்குக் கொடுத்துடுவாராம்."

குருவிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் படத்தைக் கொண்டுவந்தாலும் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பார். எழுத்து கவிழ்ந்துவிட்டால் படம் மட்டும்தான் மிஞ்சும். இதழை வாங்கிக் கவிழ்த்துச் சீடர் முன்னால் நீட்டினார்.

"என்ன தெரியுதுங்ண்ணா?"

"முதலாளி."

"அப்புறம்?"

"அவரு மோதிரம்."

"அப்புறம்?"

வைரவன் கண்ணைச் சுருக்கினார். "அவரு ஷூ லேஸ்."

குரு இதழைச் சட்டென்று மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "மச்சம் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். உதட்டுக்குக் கீழே ஒரு விரக்கடை."

"அவரை வரைய எத்தனை நாளுங்க?"

"மூணு நாள்."

"பதினெட்டுப் பேருக்கு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

குரு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் தள்ளினார். "சாகுல் பாயை வரைங்க."

வைரவன் உற்சாகமாகக் குனிந்தார். ஒரு காது வந்தது. வலது காது, மடல் கொஞ்சம் விடைத்தது. காதுக்குக் கீழே தாடியின் ஓரம். கன்னத்தில் பாதி. அதோடு பென்சில் நின்றுவிட்டது. அழித்தார். மறுபடியும் அதே காதுதான் வந்தது.

"என்னாச்சுங்க?"

"அவன் எனக்கு இடது பக்க நாற்காலி. ரெண்டு பேரும் ஸ்கிரீனைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்போம். பேசுறது, டீ குடிக்கிறது, சண்டை போடுறது எல்லாம் அப்படியேதான்." வைரவன் தாளைத் திகைப்போடு பார்த்தார். "ஒத்தைக் காதை வெச்சுக்கிட்டு ஒரு மனுசனுக்கு எப்படி முகம் போடறது ஆசானே?"

குரு மறுபடியும் தூரிகையை எடுத்து அங்குச்சாமியின் செருப்பில் ஊக்கை வரையத் தொடங்கினார்.

"அவருக்கு இன்னொரு காது இருக்குங்களா?"

"இருக்கும்."

"பார்த்துட்டு வாங்க."

வைரவன் பஸ் பிடித்து உக்கடத்தில் சாகுலின் வீட்டுக்குப் போனார். குரு எதற்கு அனுப்பினார் என்று அவருக்கு விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்பதா, படம் வரைவதா என்பதும் தெரியவில்லை. கதவைத் தட்டினார்.

சாகுல் ஹமீது திறந்தார். வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

"என்ன?"

"உன்னைப் பார்க்க வந்தேன்."

"பார்த்தாச்சுல்ல?"

"இல்லைடா. பார்க்கணும்."

சாகுல் உள்ளே போய் இதழை எடுத்துவந்து, நாலாவது கட்டத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதுல நான் எது?"

வைரவன் ஒரு தலையின் மேல் விரலை வைத்தார். அதை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"சரி. நீ எது?"

அதற்கும் விரல் எங்கும் போகவில்லை.

"'மற்றும் குழுவினர்'னு போட்டப்ப நீ மேசையைத் தட்டிட்டு எழுந்து போனே," என்றார் சாகுல். "நாங்க பதினேழு பேரும் உள்ளே உட்கார்ந்து, வைரவனாச்சும் கேட்டானேன்னு சந்தோசப்பட்டோம். இப்ப உன் படத்துக்குக் கீழேதான் சோறு திங்கிறோம். முதலாளி விருந்தாளிங்களைக் கூட்டிட்டு வந்து படத்தைக் காட்டுறாரு. அப்படியே திரும்பி, 'அந்தப் பசங்க இவங்கதான்'னு எங்களையும் காட்டுறாரு. வந்தவங்க சிரிக்கிறாங்க. நானும் சிரிக்கணுமான்னு எனக்கே தெரியலைடா. சிரிச்சுத் தொலைச்சேன்."

வைரவனுக்கு அழுகை வந்தது. அதை மறைக்கப் பைக்குள் கையை விட்டார். கையில் பென்சில் அகப்பட்டது.

"கொஞ்சம் உட்காருடா. எனக்கு நேரா."

"எதுக்கு?"

"எனக்கும் தெரியலை. உட்காரு."

சாகுல் உட்கார்ந்தார். பதினோரு வருஷப் பழக்கத்தில் இருவருடைய கண்களும் இல்லாத திரையைத் தேடிச் சுவருக்குப் போயின. வைரவன் முதலில் திரும்பினார். சாகுல் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்குடா."

"நிமிர்ந்து உட்காரு. இதென்ன, இடது புருவத்துல தழும்பு?"

"சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தது."

"எனக்குத் தெரியாதே!"

"நீ என் இடது பக்கம் எப்ப வந்தே?"

சாகுலின் மனைவி இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துப் போனார். டீ ஆறிப்போனது. படம் முடிந்ததும் சாகுல் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"காதைப் பெருசாப் போட்டுட்டே."

"பெருசுதான்டா."

சாகுல் படத்தைத் திருப்பித் தரவில்லை. வைரவன் இன்னொன்று வரைய வேண்டியதாயிற்று.

புதன்கிழமை காலை அவர் மறுபடியும் காந்திபுரம் மாடியேறினார். கையில் ஆறு தாள்கள். ஆறு முகங்கள்.

"சாகுலே அஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்துட்டான் ஆசானே. ஒருத்தனுக்கு மூக்குக் கண்ணாடியில ஒரு பக்கம் நூல் கட்டியிருக்கு. பக்கத்து வரிசைதான், அதைக்கூடப் பார்த்ததில்லை. இன்னும் பதினோரு பேர் பாக்கி. அப்புறம் என் முகத்தை வேற வரையணும். வியாழக்கிழமைக்குள்ள முடியாது."

குரு தாள்களை வாங்கினார். இந்தத் தடவை அவர் எதையும் கவிழ்க்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாகுலின் காதைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார்.

சீடர் நிலைகொள்ளாமல் நின்றார்.

"ஆனா ஒண்ணு புரியலை. எடிட்டர் கேக்கிறது மொட்டைத் தலை. நான் பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டு முகம் போட்டுட்டா, அந்த ஜோக்கே செத்துப்போயிடும். அப்புறம் யாரு சிரிப்பாங்க?"

குரு தாள்களை ஒழுங்காக அடுக்கி அவர் கையில் கொடுத்தார்.

"யாரு சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியலைங்ண்ணா. முதலாளி சிரிக்க மாட்டாரு."