போர்வை சுடுமா?

செங்கரை நாட்டில் அந்த வருஷம் மார்கழியிலேயே ஜனங்கள் விசிறியும் கையுமாகத் திரிந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அரண்மனையில் ஓலை எழுதும் கொற்றனுக்கு எழுத்தாணியே வியர்வையில் வழுக்கியது. அன்று அவன் எழுத வேண்டிய ஆணை, இன்னும் நூறு இரும்பு உலைகளுக்கு அனுமதி. உலைகள் எல்லாம் அமைச்சர் நரசிங்கரின் மைத்துனர்களுக்குச் சொந்தம்.

"நிறுத்துங்கள், மகாராஜா!" என்று ஓடிவந்தார் வான்நூல் பண்டிதர் மாசாத்தர். "முப்பது வருஷமாகக் குறித்து வருகிறேன். முன்பு மார்கழியில் இருபத்தெட்டு நாள் தேங்காய் எண்ணெய் உறைந்தது. இந்த வருஷம் ஒரே நாள்! உலைகளின் கரிக்காற்று வானத்தில் தங்கி, போர்வை மாதிரி சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஏரி பாதி வற்றிவிட்டது. இன்னும் நூறு உலை வந்தால் குடிக்கவே தண்ணீர் இருக்காது."

நரசிங்கர் சிரித்தார். "எண்ணெயில் கலப்படம்!"

அவர் கையோடு கூட்டி வந்திருந்த மூன்று பண்டிதர்களும் தலையாட்டினார்கள். "கலப்படமேதான்!"

"என் பாட்டனார் காலத்திலும் வெயில் அடித்தது."

"அடித்தது, அடித்தது!"

"போர்வையாம்! போர்வைக்குள் நெருப்பா இருக்கிறது? சூடே இல்லாத பொருள் எப்படிச் சுடும்?"

மன்னர் தலையைச் சொறிந்தார். "பண்டிதரே, அந்தப் போர்வையை எனக்குக் காட்டும். உச்சிப்பொழுதுக்குள் காட்டாவிட்டால், ஊரைப் பயமுறுத்தியதற்காக உம்மை நாடு கடத்துவேன்."

காற்றை எப்படிக் காட்டுவது? மாசாத்தர் வானத்தையே அண்ணாந்து பார்த்தார். கொற்றனின் பிள்ளைகள் குடிப்பதும் அந்த ஏரித் தண்ணீர்தான். எழுத்தாணியை வைத்துவிட்டு எழுந்தான்.

"மகாராஜா, அமைச்சர் சொல்வதே சரி. போர்வைக்குள் நெருப்பு கிடையாது."

"அப்படிச் சொல்லு, அப்பனே!" என்றார் நரசிங்கர்.

"அமைச்சரே, தாங்களே ஒரு கம்பளியைப் போர்த்திக் காட்டிவிட்டால் பண்டிதர் வாயடைத்துப் போவார்."

சபையே பார்க்கும்போது மறுக்க முடியுமா? கம்பளிகள் வந்தன. அமைச்சருக்கு ஒன்றைப் போர்த்தினான் கொற்றன்.

"சுடுகிறதா?"

"இல்லவே இல்லை!"

மூன்றாவது. நரசிங்கர் முகம் சிவந்தது. "இது... வெயில்."

"வெயிலேதான்!" என்றார்கள் மூவரும், தூண் நிழலில் நின்றபடி.

ஐந்தாவது. மீசையிலிருந்து சொட்டியது. "இயற்கை... அவ்வப்போது... இப்படி வரும்..."

ஏழாவதில் தலைப்பாகை சரிந்தது. மன்னரே இறங்கிவந்து கம்பளிக்குள் கைவிட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அடேயப்பா! உள்ளே யார் நெருப்பு வைத்தது?"

"யாரும் வைக்கவில்லை, மகாராஜா. எல்லாம் அமைச்சரின் உடம்புச் சூடுதான். வெளியே போக வழியில்லை."

மன்னர் ஆணை ஓலையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "புது உலை ஒன்றும் வேண்டாம். இருப்பதில் பாதியை மூடுங்கள். மாசாத்தரே, நீர் எங்கேயும் போக வேண்டியதில்லை."

கம்பளிகளை உதறிவிட்டு, "வேர்த்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம்... ஆராய வேண்டும்..." என்று முனகினார் நரசிங்கர்.

மன்னர் காதில் வாங்கவில்லை. "கொற்றனுக்குப் பொன்னாடை போர்த்துங்கள்!"

கனத்த ஜரிகைப் பொன்னாடை வந்தது. கொற்றன் இரண்டடி பின்வாங்கினான்.

"மகாராஜா, எனக்கு வேர்க்கும். அமைச்சருக்கே போர்த்துங்கள். அவருக்குத்தான் சுடாதே!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்து நிமிர்ந்தபோது, சபையில் நரசிங்கரைக் காணவில்லை.