உச்சிக்குழி வந்த கதை

ஆமையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய காலம் அது. அப்போதெல்லாம் மனிதக் குழந்தையின் மண்டையோடு தாயின் வயிற்றிலேயே முற்றிவிடும். தேங்காய்ச் சிரட்டைபோல் எங்கும் இடைவெளி இல்லாத ஒரே எலும்பு. தலை சிறிதாக இருந்த பிள்ளைகள் எப்படியோ வெளியே வந்துவிட்டன. மற்றவை வரவில்லை. அந்தத் தாய்மாரும் பிழைக்கவில்லை.

கடலோரக் குப்பம் ஒன்றில் சேந்தி என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய அக்கா நல்லி மூன்று நாள் வலியில் கிடந்து, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனாள். அவளுக்குக் குழி வெட்டியவன் சேந்தியின் கணவன் கொற்றன். அது நடந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. இப்போது சேந்திக்கு ஏழாம் மாதம். ஊரில் யாரும் அவளிடம் பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை.

ஒரு விடியற்காலை சுள்ளி பொறுக்கக் கரைக்கு வந்தவள், ஓர் ஆமை மணலில் குழி பறித்து முட்டையிடுவதைப் பார்த்தாள். முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொத்துப்பொத்தென்று விழுந்தன. ஒன்றுகூட உடையவில்லை. சேந்தி மெல்லக் குனிந்து ஒரு முட்டையைத் தொட்டாள். விரல் பட்ட இடம் உள்ளே குழிந்தது. விரலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

"ஆமையக்கா, இது ஏன் இப்படி மெத்தென்று இருக்கிறது?"

"கெட்டியாக இருந்தால் விழுந்ததுமே நொறுங்கிவிடாதா?" என்றது ஆமை, மூச்சு வாங்கியபடி.

"உன் முதுகு பாறை மாதிரி இருக்கிறதே!"

"இதுவும் எலும்புதான், தங்கச்சி. உனக்கு விலா எலும்பு தோலுக்குள்ளே இருக்கிறது. எனக்கு அது விரிந்து ஓடாகிவிட்டது. ஆனால் நான் பிறக்கும்போதே இப்படியா இருந்தேன்? முட்டைக்குள் மடங்கிக் கிடந்தேன். வெளியே வந்த பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. வளர வளரத்தான் இறுகியது."

சேந்தியின் கை தன் வயிற்றின்மேல் போய் நின்றது. "எங்கள் பிள்ளைகளின் தலை வயிற்றிலேயே இறுகிவிடுகிறது, அக்கா" என்றாள். ஆமை அவள் வயிற்றைப் பார்த்தது.

"இந்த மென்மையில் கொஞ்சம் உன் பிள்ளைக்கு என்னால் தர முடியும். ஆனால் முதலில் என் பிள்ளைகள் பிழைக்க வேண்டும். நான் கடலுக்குத் திரும்பியே ஆக வேண்டும். நான் போனதும் நரி தோண்டும். உன் ஆட்களும் தோண்டுவார்கள். குஞ்சு பொரிக்கும்வரை காவல் இருப்பாயா?"

"இருக்கிறேன்" என்றாள் சேந்தி.

நாலு கம்பு நட்டு ஓலை போட்டு, அந்தக் குழியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நரிகளைக் கல்லால் அடித்து விரட்டினாள். கொற்றன் முதலில் கோபித்தான். பிறகு கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். பிறகு கஞ்சியும் இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டு மீன்பாடே இல்லை. கட்டுமரங்கள் வெறும் வலையோடு திரும்பின.

ஒரு மாதம் கழிந்தபோது கொற்றன் தோண்டுகோலோடு வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஊரே நின்றது.

"எழுந்திரு, சேந்தி. ஊர்ப் பிள்ளைகள் பசியில் அழுகின்றன. நீயே சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது."

சேந்தி எழவில்லை. "அக்காவுக்குக் குழி வெட்டியதும் இந்தக் கோலால்தானே? அடுத்த மாதம் எனக்கும் வெட்டுவீர்களா?"

கொற்றன் கோலை மணலில் போட்டான். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கழிமுகத்துக்குப் போனான். இடுப்பளவு சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி பொறுக்கினார்கள். வயிறு நிறைய அது போதவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து குப்பத்துப் பெண்கள் முறை வைத்துச் சேந்தியோடு காவலுக்கு வந்தார்கள்.

பிறகு ஒரு காலையில் மணல் அசைந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சுகள் நூற்றுக்குமேல் மேலே வந்து, கடலைப் பார்த்து ஓடின. காகங்கள் இறங்கின. கொற்றன் வலையைச் சுழற்றிச் சுழற்றி அவற்றை விரட்டினான். கடைசிக் குஞ்சு நீருக்குள் போனதும், அலையோரத்தில் தாய் ஆமை தலைதூக்கியது.

"சொன்னதைச் செய்துவிட்டாய். இனி நான் செய்ய வேண்டும். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். உன் பிள்ளைக்கும், இனிப் பிறக்கும் மனிதப் பிள்ளைகளுக்கும் மண்டை ஒரே ஓடாக இருக்காது. பல துண்டாக இருக்கும். பிறக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழிவிடும். எல்லாம் இறுகி உச்சி மூட ஒன்றரை ஆண்டாவது ஆகும். அதுவரை உச்சியில் மூளைக்கு மேல் எலும்பு இருக்காது. அந்த இடத்தை யார் காப்பார்கள்?"

"நாங்கள் காப்போம்."

"நீ செத்துப்போனால்?"

"நாங்கள் என்றுதானே சொன்னேன், அக்கா? நான் என்று சொல்லவில்லையே!"

ஆமை அவளுக்குப் பின்னால் பார்த்தது. "ஆமாம், அவள் சொன்னதுதான்" என்றான் கொற்றன். பெண்களும் தலையசைத்தார்கள்.

ஆமை தன் ஈரமான துடுப்புக்காலைச் சேந்தியின் வயிற்றில் வைத்து எடுத்தது. அடுத்த அலையில் இறங்கிப் போய்விட்டது.

பத்து நாளில் வலி எடுத்தது. காலையில் தொடங்கியது, வெயில் ஏறுமுன் முடிந்துவிட்டது. குழந்தையின் தலை சுரைக்காய்போல் நீண்டு வெளியே வந்தது. பேறு பார்த்தவள் அதன் உச்சியைத் தொட்டதும் அலறிவிட்டாள்.

"ஐயோ, தலை மூடவில்லை! உள்ளே என்னவோ துடிக்கிறது!"

"துடிக்கட்டும்" என்றாள் சேந்தி. அவள் குரல் தெளிவாக இருந்தது. வெளியே நின்ற கொற்றன் அந்தக் குரலைக் கேட்டதும் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதான்.

பிறகு உள்ளே வந்தான். குழந்தையை அவனிடம் நீட்டினார்கள். கழுத்து நிற்காமல் தலை சாய்ந்தது. கொற்றன் பதறிப்போய்த் தன் அகன்ற கையைத் தலைக்கடியில் கொடுத்தான்.

அந்த நாளிலிருந்துதான் மனிதக் குழந்தை உச்சி மூடாமல் பிறக்கிறது. அதை யார் கையில் வாங்கினாலும், அவர் கை முதலில் அதன் தலைக்கடியில் போகிறது.