ஒன்பதாவது பாத்தி

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு ஐம்பத்தேழு.

குரு நம்புநாயகி, பாக் நீரிணையில் முங்கிப் பாசி எடுப்பவர். சீடர் மாதப்பன், தர்மபுரிக்காரர், வனத்துறை அதிகாரி. கடலடியில் புல் வளர்க்கும் அரசுத் திட்டத்துக்காக ஊருக்கு வந்த அன்று, "நான் உங்கள் மாணவன்" என்று மேடை மரியாதைக்குச் சொல்லிவைத்தார். நம்புநாயகி அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

கடற்புல் இருந்தால்தான் அதற்குள் மீன் குஞ்சு வளரும், இறால் ஒளியும். அது அழிந்த பிறகு அந்த ஊர் வலைகளில் ஒன்றும் விழவில்லை. மூங்கில் சட்டங்களில் நார்க்கயிற்றால் புல்லைக் கட்டி, ஒன்பது பாத்திகளாகக் கடலடியில் பதித்தார்கள். ஒரு வருடம் ஆகியும் மாதப்பன் போய்ப் பார்த்த இடமெல்லாம் மணல்தான், அங்கங்கே நாலைந்து புல் தவிர.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் ஆண்டு நிதி வேண்டுமா, திட்டத்தை மூடிவிடலாமா? திங்கட்கிழமைக்குள் பதில் தேவை.

மாதப்பன் கடிதத்தோடு நம்புநாயகியிடம் வந்தார்.

"மூடிடலாம்னு எழுதப் போறேம்மா. இந்தக் கடல்ல புல்லு பிடிக்காது போல."

"கடலு மேல பழியப் போடாதீங்க சார். படக எடுங்க, போவோம்."

துறையின் படகு இரண்டாம் பாத்திக்கு மேலே வந்து நின்றது.

"நீங்க பாக்க வந்தா என்ன செய்வீங்களோ, அதச் செய்யுங்க" என்றார் நம்புநாயகி.

மாதப்பன் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தவர், கை பழகியிருந்தது. காற்றுக்குப் படகு நகர, நங்கூரம் அடியில் இழுபட்டுப் பிறகு பிடித்துக்கொண்டது.

"இப்ப எடுங்க."

எடுத்தார். நங்கூரத்தின் கொக்கிகளில் வேரோடு நாலு புல்லும், அறுந்த நார்க்கயிறும், துறையின் எண் அடித்த தகடு ஒன்றும் தொங்கின.

இத்தனை நாளும் கொக்கியைப் பார்க்காமலே நங்கூரத்தைப் படகுக்குள் போட்டிருந்தார் மாதப்பன். அவரைப் போல அக்கறையாக வந்து பார்த்த அதிகாரி அந்தக் கடற்கரையிலேயே கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஏம்மா, இத்தனை நாளா இதச் சொல்லல?"

"ஆறு கூட்டம் போட்டீங்க சார். ஆறுலயும் நீங்கதான் பேசுனீங்க."

மாதப்பன் கொக்கியில் சிக்கிய புல்லை ஒவ்வொன்றாக விடுவித்தார். நம்புநாயகிக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"நீங்க மட்டுமில்ல சார். எங்க வள்ளமும் இங்கதான் நங்கூரம் போடுது" என்றார். "நீங்க போகாத பாத்தி ஏதும் இருக்கா?"

மாதப்பன் யோசித்தார். "ஒன்பதாவது. பாறைக்கு உள்பக்கம். படகு தட்டும்னு எந்தப் படகும் அங்க போறதில்ல. 'பார்வையிட இயலவில்லை'ன்னு எழுதிட்டேன்."

"வாங்க, பாத்துட்டு வருவோம்."

பாறைக்கு வெளியே படகை ஒரு மணல் திட்டில் ஏற்றிவிட்டு இருவரும் நடந்தார்கள். தண்ணீர் நெஞ்சளவு வந்ததும், நம்புநாயகி தன் முங்குக் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். மாதப்பன் மூச்சைப் பிடித்துக் குனிந்தார்.

முழங்கால் உயரத்துக்குப் புல். மூங்கிலே தெரியவில்லை. பொடி மீன்கள் கூட்டமாக அதற்குள் போய் வந்துகொண்டிருந்தன. நிமிர்ந்து மூச்சு வாங்கி, மறுபடி குனிந்தார். அப்படிக் குனிந்து நிமிர்ந்தே அந்தப் பாத்தி முழுவதையும் பார்த்தார். எத்தனையோ காடுகளைப் பார்த்த மனிதர், சின்னப் பையனைப் போலச் சிரித்தார்.

கடைசியாக நிமிர்ந்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"இங்கயும் போச்சும்மா. நடுவுல நீளமா ஒரு தடம். புல்ல வேரோட வழிச்சு எடுத்த மாதிரி கெடக்கு. யாரோ நங்கூரம் இழுத்திருக்காங்க."

நம்புநாயகி கண்ணாடியை வாங்கி முங்கினார். வெகுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"நங்கூரமில்ல சார். ஆவுளியா மேஞ்ச தடம்."

"கடல் பசுவா?"

"ஆமா. எங்கம்மா பாத்திருக்கு. நான் பாத்ததில்ல. புல்லு இருந்தாத்தான் அது வரும்."

மாதப்பன் கண்ணாடியை வாங்கி அந்தத் தடத்தை இன்னொரு முறை பார்த்தார். நிமிர்ந்ததும் கேட்டார்.

"இந்த வருஷப் பணத்துல என்ன செய்யலாம்?"

"மிதவ வாங்குங்க. புல்லுக்கு வெளிய கல்லுல கட்டிப் போடுவோம். உங்க படகும் எங்க வள்ளமும் அதுல கட்டிக்கட்டும். அடியில எவனும் இரும்பப் போட வேணாம்."

"ஒம்பதுல ஒண்ணுதாம்மா பொழச்சிருக்கு. மேல இருக்கறவங்க மூடுன்னுதான் சொல்வாங்க. நான் என்னன்னு எழுதறது?"

நம்புநாயகி ஈரத் தலைமுடியை முடிந்துகொண்டார்.

"விருந்தாளி பந்தியில வந்து உக்காந்தாச்சு சார். இப்பப் போயி அடுப்ப அணைக்கவான்னு கேட்டு எழுதுங்க."