கால் கடுக்கிறது என்றார் சாமி

மலையடிவார மடத்துக் கொசுக்கள் தும்பி அளவு இருக்கும். பொய்யில்லை. அவை சாமியின் வலது காலில் பந்தி போட்டுச் சாப்பிடும். இடது காலில் உட்கார்ந்து, குத்திப் பார்த்து, ஏமாந்து எழுந்து போய்விடும்.

கொசுக்களுக்குத் தெரிந்தது சீடர்களுக்குத் தெரியவில்லை. தினம் காலையில் வரிசையில் நின்று அந்த இடது பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விரல் கறுத்திருந்தது. மேலே அப்பிய சந்தனம் அதை மறைத்துவிட்டது.

சமையல்காரரின் காய்ச்சலுக்கு ஊசி போட வந்த டாக்டர் ஜெசிந்தா கும்பிடவில்லை. காலை அழுத்திப் பார்த்தார்.

"ஐஸ் மாதிரி இருக்கே. பீடி உண்டா சாமி?"

"விட்டாச்சு."

"எப்போ?"

"நீ படியேறும்போது."

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பிறகு தலைமைச் சீடர் குழந்தைவேலரை அழைத்து உட்காரவைத்தார் டாக்டர். குழந்தைவேலர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். சாமி ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பொருள் சொல்பவர்.

"ரத்தக்குழாய் அடைச்சுப்போச்சுங்க. பைபாஸ் பண்ணவும் வழியில்லை. ஒரு புது ஊசி இருக்கு, சோதனையிலதான் இருக்கு. புதுக் குழாய் முளைக்கச் சொல்ற ஜீனைச் சதைக்குள்ள போடுவோம்."

"சொன்னால் முளைக்குமா அம்மா?"

"பட்டினி கிடக்கிற சதை தானாவே ரத்தத்தைக் கூப்பிடும். இந்தக் கால் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சுபோச்சு. அந்தக் குரலை ஏத்திவிடறோம், அவ்வளவுதான். முளைக்கலைன்னா முழங்காலுக்குக் கீழே எடுக்கணும்."

ஊசி போட்டார்கள். மடத்தில் பாத நமஸ்காரம் நின்றது. குழந்தைவேலர் கட்டிலருகே உட்கார்ந்து விசிறினார். வாரங்கள் போயின. விசிறி தேய்ந்தது, கால் மாறவில்லை.

ஒரு மத்தியானம் அவருக்குத் தாங்கவில்லை.

"சாமி, இவ்வளவு வலியை ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

"சொன்னேனே, ஓய். ஆடியில் கால் கடுக்குதுன்னேன்."

குழந்தைவேலருக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரக் கூட்டத்தில், தேடி நடப்பவனுக்குக் கால் கடுக்கத்தான் செய்யும் என்று பேசியிருந்தார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"தையில் மரத்துப்போச்சுன்னேன்."

அதற்குப் 'பற்றறுதல்' என்று தலைப்பு வைத்திருந்தார். நல்ல கைதட்டல்.

"விரல் கறுத்துப்போச்சுன்னும் சொல்ல வந்தேன். அதுக்கு என்ன சொல்லுவீரோன்னு பயமாயிருந்துச்சு. அலுப்பாவும் இருந்துச்சு. படுத்துட்டேன்."

குழந்தைவேலர் விசிறியைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்து விசிறினார். வேறென்ன செய்வது?

திங்கட்கிழமை வந்து பார்த்து, காலை எடுப்பதா வேண்டாமா என்று சொல்வதாக டாக்டர் தகவல் அனுப்பினார். ஞாயிறு சாயங்காலம் மழை விட்டிருந்தது. சாமி கண்ணை மூடியபடியே முனகினார்.

"கொசு கடிக்குது."

குழந்தைவேலரின் மனம் பழக்கத்தில் ஓடியது. கொசு என்பது ஆசை. இல்லை, காலம். துளித்துளியாக உறிஞ்சும் காலம்...

"ஓய். கொசு."

அவர் குனிந்து பார்த்தார். இடது காலில், கணுக்காலுக்குக் கீழே, ஒரு கொசு. அசையாமல் உட்கார்ந்திருந்தது. வயிறு சிவந்து உப்பியிருந்தது.

அவர் கை தானாக ஓங்கியது.

"அடிக்காதீர். குடிக்கட்டும்" என்றார் சாமி. "டாக்டரம்மாவுக்கு அப்புறம், இதைக் காலுன்னு நம்பி வந்தது அது ஒண்ணுதான்."