அரக்கு வைத்த விசிறி

குளத்தங்கரைப் புதரடியில் செம்பி என்ற கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. நடுக்கோடை. தரையில் கால் வைத்தால் சுட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அதன் விசிறி "படக்" என்று நின்றுபோனது.

அந்தக் காட்டில் விசிறி இல்லாத வீடு கிடையாது. எல்லாம் மாசிலான் என்கிற நரியின் கடையில் வாங்கியவை. நாலு பனையோலை, நடுவே ஒரு மூங்கில் பெட்டி, பெட்டியிலிருந்து தொங்கும் கொடி, கொடியின் நுனியில் ஒரு கல். கல் மெல்ல மெல்ல இறங்க, ஓலை சுற்றும். இதைச் செய்த மூளையை மெச்சத்தான் வேண்டும். ஒரே ஒரு குறை. எந்த விசிறியும் ஒரு கோடைக்கு மேல் ஓடாது.

"ரிப்பேர் பண்ணித் தாங்க அண்ணே" என்று யாராவது கொண்டுபோனால், நரி பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கும். உதட்டைப் பிதுக்கும்.

"இதைச் சரி பண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்!" என்று சொல்லும்.

பெட்டியை யாரும் திறப்பதில்லை. மூடியைச் சுற்றி அரக்கு வைத்து, அதன்மேல் நரி தன் கால் தடத்தைப் பதித்திருந்தது. "உள்ளே காத்தைப் பிடிச்சு அடைச்சு வெச்சிருக்கேன். அரக்கை உடைச்சா பறந்துடும். அப்புறம் நான் பொறுப்பில்லை!" என்று சொல்லியும் வைத்திருந்தது. நம் காட்டு ஜனங்களும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்தார்கள். நின்றுபோன விசிறிகள் குளத்தங்கரையில் குப்பையாய்க் குவிந்தன.

செம்பி முட்டைகளைப் பார்த்தது. போன கோடையிலும் இப்படித்தான் விசிறி நின்றது. புதுசு வாங்கி வருவதற்குள் முட்டை அத்தனையும் கூமுட்டையாகிவிட்டது. அந்தத் துக்கமே இன்னும் ஆறவில்லை. கையில் இருப்பதோ குஞ்சுகளுக்கென்று சேர்த்த தினை மட்டும். அதைக் கொடுத்து விசிறி வாங்கினால் குஞ்சுகள் எதைத் தின்னும்? வாங்காவிட்டால் குஞ்சே கிடையாது.

பக்கத்து வளை முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. "அக்கா, முட்டைமேல வெயில் படாம கொஞ்சம் நில்லுங்க. ஓடிப் போய் வந்துடறேன்!"

"போ போ! முள்ளு படாம நின்னுக்கறேன்" என்றது முள்ளம்பன்றி.

தினைப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு செம்பி நரியின் கடைக்கு ஓடியது. கடையில் யாரும் இல்லை. பின்னால் இருந்த குகையிலிருந்து "கிர்ர்... கிர்ர்..." என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தது.

நரி கால் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஒரு விசிறி சுற்றியது. கன்னங்கரேல் என்று புகை ஏறிப்போன விசிறி. ஓலையில் ஆயிரம் ஒட்டு. ஆனால் அடித்த காற்று இருக்கிறதே, வாசலில் நின்ற செம்பியின் இறகே சிலிர்த்தது!

"அண்ணே!"

நரி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. "அட, செம்பியா? புதுசு வேணுமா? இந்த வருஷம் ஓலைக்கு மயில் நிறம் பூசியிருக்கேன், பார்த்தியா?"

"உங்க விசிறி ரொம்பப் பழசா இருக்கே அண்ணே?"

பெருமை யாரை விட்டது? நரி நெஞ்சை நிமிர்த்தியது. "என் தாத்தா கையால செஞ்சது! எங்கப்பா காலம் போய் என் காலமும் வந்தாச்சு. ஒரு நாள் நின்னதில்லை, தெரியுமா!"

"அப்படின்னா எனக்கும் அதே மாதிரி ஒண்ணு கொடுங்களேன்."

நரி நாக்கைக் கடித்துக்கொண்டது. "அது... பழைய மாடலும்மா. இப்ப யாரு அதைக் கேட்கறா? அதெல்லாம் செய்யறதில்லை."

தாத்தா செய்தது மூன்று தலைமுறை ஓடுகிறதென்றால், கோளாறு பெட்டிக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்று செம்பிக்குப் பொறி தட்டியது. தினைப் பொட்டலத்தைத் திரும்பக் கவ்விக்கொண்டு ஓட்டமாய் வீட்டுக்கு வந்தது. நின்றுபோன விசிறியின் பெட்டியை உருட்டி முன்னால் வைத்தது.

"அக்கா, ஒரு முள்ளு கொடுங்க. அரக்கை உடைக்கப் போறேன்."

"ஐயையோ! காத்து பறந்துடுமே!"

"நின்னுபோன பெட்டியில என்ன காத்து அக்கா இருக்கப் போகுது? இருந்தா பறந்து போகட்டும். என் முட்டைமேல பட்டுட்டுப் போகட்டும்!"

சொன்னதே தவிர, காற்று பறந்துவிடுமோ என்ற பயம் அதற்கும் இருந்தது. அந்தப் பயத்தோடே அரக்கைச் சுற்றிச் சுற்றிக் குத்தியது பாருங்கள், அங்கேதான் செம்பி நம் மனசில் நிற்கிறது. மூடி கழன்றது. காற்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்தது ஒரு சின்ன அச்சு. இரண்டாய் முறிந்து கிடந்தது.

முள்ளம்பன்றி மோந்து பார்த்தது. "அடப்பாவி! முருங்கைக் குச்சி! அணில் ஏறினாலே முறியற மரமாச்சே!"

"புளியங்கட்டை இருக்கா அக்கா?"

முள்ளம்பன்றிக்குக் கடிக்கச் சொல்லித்தரவா வேண்டும்? கறுக் கறுக்கென்று கடித்து, அதே அளவில் புளியங்கட்டையில் ஒரு அச்சு செய்துவிட்டது. செம்பி அதைப் பொருத்திக் கொடியை விட்டது. ஓலை அசைந்தது. சுற்றியது. குளிர்ந்த காற்று முட்டைகளைத் தடவிக்கொண்டு போனது. செம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கோடையில் ஒரு முட்டைகூடக் கெடவில்லை. குஞ்சுகள் தினையைக் கொத்தித் தின்றன. சேதி பரவி, குளத்தங்கரைக் குப்பையிலிருந்து ஆளுக்கொரு விசிறியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளியங்கட்டை அச்சு மாட்டிக்கொண்டார்கள்.

நரி ஓடி வந்தது. "என் அரக்கை உடைச்சது யாரு? புது விசிறிக்கு ஈடாகுமா இந்த ஒட்டுவேலை?"

எல்லோரும் செம்பியைப் பார்த்தார்கள். செம்பி நிதானமாகச் சொன்னது. "புதுசுதான் நல்லதுன்னா அதை உங்க குகையில மாட்டிக்கோங்க அண்ணே. உங்க தாத்தா விசிறி பழசுதானே? அது குளத்தங்கரையில எல்லாருக்கும் பொதுவா சுத்தட்டும்."

மாட்டேன் என்றால் பழசுதான் நல்லது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நரி அசடு வழிய நின்றது. தாத்தாவின் விசிறி அன்றைக்கே குளத்தங்கரைக்கு வந்தது.

அடுத்த கோடையில், உச்சிவேளையில், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நரி செம்பியின் வாசலில் வந்து நின்றது. கையில் நின்றுபோன மயில் நிற விசிறி.

"இதைச் சரி பண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாமே!" என்று முள்ளம்பன்றி கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். செம்பி மட்டும் சிரிக்கவில்லை. வெயிலில் வாடும் உயிரைப் பார்த்தால் அதற்குத் தாங்காது. புளியங்கட்டை அச்சைப் பொருத்திக் கொடுத்தது.

"அரக்கு வைக்கலையா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டது நரி.

"எதுக்கு அண்ணே? திறந்தே இருக்கட்டும். மறுபடி முறிஞ்சா நீங்களே மாத்திக்கலாம்."

பொருள் நின்றுபோனதும் தூக்கி எறியாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். கெட்டது பொருளா, அதைச் செய்தவனின் எண்ணமா என்பது அப்போது விளங்கிவிடும்.